கட்டத்துக்குள் கரைந்த சுவர்

அனிதா என் கடைசிப் பணி ஆண்டுகளில் என்னோடு வேலை பார்த்தவள். இப்போது ஒரு பிரிவுக்குத் தலைவி. அண்மையில் போனில் பேசும்போது, "சார், நாங்க இப்பக் கட்டமே போடுறதில்ல. மென்பொருளே போட்டுக்குது, அதுவே சேத்துப் பெருசாக்கிக்குது. உங்க காலத்துல கையால எப்படிப் போட்டீங்கன்னு எழுதிக் குடுங்களேன், நம்ம ஆபீஸ் பழைய ஆட்கள் மலர்ல போடலாம்" என்றாள். எழுதுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தபோது, கட்டம் போட்ட முறையைவிட, போடக்கூடாத விதத்தில் நான் போட்ட ஒரு கட்டம்தான் நினைவில் நின்றது. ஆகவே அதைப் பற்றியே எழுதுகிறேன். திருச்சுழிப் பக்கத்தில் காதர் மைதீன் என்பவரின் கிணறு அதனால் வற்றியது. அவர் பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தபடி.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்கடியில் எண்ணெயோ தண்ணீரோ எப்படி நகரும் என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. அதற்கு நிலத்தைப் பெட்டி பெட்டியாக அறுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பெட்டியும் ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்குள் இருக்கும் பாறை தண்ணீரை எவ்வளவு தாராளமாக விடும் என்பதற்கு ஓர் எண். நிலவியல்காரர்கள் பொடிப்பொடிக் கட்டங்களாகக் கொடுப்பார்கள். அவ்வளவையும் அன்றைய கணினி தாங்காது. எனவே பொடிக் கட்டங்களைச் சேர்த்துப் பெருங்கட்டங்கள் ஆக்க வேண்டும். பலவற்றுக்கும் சேர்த்து ஒரே எண் கொடுக்க வேண்டும். அந்த ஒரு எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதில்தான் என் முழுப் பணிக்காலமும் கழிந்தது.

பாலவனத்தத்தில் பிறந்தேன். அருப்புக்கோட்டையில் பள்ளி, மதுரையில் நிலவியல் பட்டம். காவிரிப் படுகையில் எண்ணெய் தேடும் வேலை கிடைத்தது. அங்கே சில ஆண்டுகள் சேறும் பாறைத் தூளுமாக நின்றுவிட்டு, கணினி அறைக்கு மாறினேன். பிறகு சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனம். எண்ணெய் வயல் வேலையும் செய்வார்கள், நிலத்தடி நீர் வேலையும் செய்வார்கள். அதை நடத்தியவர் சகாயமேரி மேடம். நாகர்கோவில்காரர். கீழே வேலை பார்ப்பவர்கள் எல்லாரையும், தலை நரைத்த என்னையும்கூட, "மக்கா" என்றுதான் கூப்பிடுவார்.

மேடம் முடிவுகளை முதலில் பார்க்க மாட்டார். வண்ண வண்ணமாக நாங்கள் அச்செடுத்துக் கொண்டுபோகும் நீர்மட்டப் படங்களை மேசை ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். கட்டப் படத்தை மட்டும் டிரேசிங் தாளில் கேட்பார். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை ஒன்று அவர் அறையில் இருந்தது. நிலவியல் வரைபடத்தை அதில் விரித்து, கட்டத் தாளை மேலே போட்டு, மூலைக்கொரு பாறைத் துண்டைப் பாரமாக வைப்பார். பாறைத் துண்டுகள் நாங்கள் களத்திலிருந்து கொண்டுவந்தவையாக இருக்க வேண்டும். கல் கொண்டுவராதவன் களத்துக்கே போகவில்லை என்பது அவர் கணக்கு. பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஏதோ ஒரு கட்டத்தின்மேல் வைப்பார். வில்லைக்குள் அந்தக் கட்டம் மட்டும் பெரிதாகத் தெரியும்.

"இந்தக் கட்டத்துக்குள்ள யாரெல்லாம் இருக்கா, மக்கா?"

களிமண், சிதைந்த பாறை, விரிசல், எது எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு கனம் என்று சொல்ல வேண்டும். சராசரி எடுத்துவிட்டேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"உங்க ஊர்ல இருந்து அருப்புக்கோட்டைக்கு ரோடு எப்படி?"

"நல்ல ரோடு, மேடம்."

"வழியில ரயில்வே கேட்டு பூட்டிக் கெடந்தா?"

"நிக்க வேண்டியதுதான்."

"கேட்டு எவ்வளவு அகலம்?"

"ரெண்டு எட்டு இருக்கும்."

"ரோட்டு நீளத்துல அது ஒரு மயிரிழை. சராசரி எடுத்தா ரோடு தெறந்துதான் கெடக்கும். நீ பஸ்ஸுலயே உக்காந்திரு. உன் சராசரி வந்து கேட்டத் தெறக்கட்டும்."

அறையில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தப் பாடம் நிலத்தடிக்கு அப்படியே பொருந்தும். தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே மெல்லிய தடுப்பு ஒன்று நின்றால், மற்ற பாறை எவ்வளவு தாராளமாக இருந்தும் பயனில்லை. தடுப்பு கட்டத்தின் வயிற்றுக்குள் விழுந்தால், சராசரியில் கரைந்து போகும். அதனால் தடுப்பு எப்போதும் இரண்டு கட்டங்களுக்கு நடுவிலுள்ள விளிம்பில் விழும்படி கட்டத்தை அமைக்க வேண்டும். விளிம்பில் விழுந்தால் அந்த விளிம்பைப் பூட்டிவிடலாம். தடுப்பு சாய்ந்து ஓடினால் கட்டம் முழுவதையும் அந்தச் சாய்வுக்குத் திருப்ப வேண்டும். "கட்டம் வடக்கப் பாக்க வேண்டாம், கல்லப் பாக்கட்டும்" என்பார் மேடம்.

இது அத்தனையும் எனக்குத் தெரியும். புதிதாக வருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இனி வருவதைப் படிக்கும்போது, தெரியாமல் செய்தேன் என்று யாரும் எனக்காகச் சமாதானம் தேட வேண்டாம்.

திருச்சுழிப் பக்கத்துச் சில ஊர்களுக்குக் குடிநீர்த் திட்டம் ஒன்று வந்தது. பரளச்சிக்குத் தெற்கே ஒரு கண்மாய். அதன் ஓரத்தில் போர் போட்டுக் குழாயில் தண்ணீர் கொண்டுபோவது திட்டம். அங்கே எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம், எடுத்தால் சுற்றியுள்ள கிணறுகள் தாங்குமா என்று சொல்ல வேண்டியது எங்கள் நிறுவனம். என் ஊர்ப்பக்கம் என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த ஊர்களில் ஒன்றில்தான் என் தங்கை வாழ்க்கைப்பட்டிருந்தாள். லாரித் தண்ணீரை எதிர்பார்த்து ரோட்டோரம் குடம் போட்டுக் காத்திருப்பவள். நான் போன அன்று, எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொன்னாள்: "ஊரு உலகத்துக்கெல்லாம் எண்ணெய் எடுத்துக் குடுத்தீகளாம். கூடப் பொறந்தவளுக்கு ஒரு கொடம் தண்ணிக்கு வழி பண்ண முடியல. நீங்கள்லாம் என்ன படிச்சீகளோ!"

கண்மாய்க்குப் பக்கத்துத் தோட்டம் காதர் மைதீனுடையது. என் வயதுதான் இருக்கும். சவுதியில் பல ஆண்டுகள் ஓட்டல் சமையல்காரராக இருந்து, சம்பாத்தியத்தையெல்லாம் அந்தக் கரிசலில் போட்டு மல்லிப்பூத் தோட்டம் வைத்திருந்தார். இனிப் போவதில்லை என்று ஊரோடு வந்துவிட்டவர். நான் பாலவனத்தம் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"எங்க அக்காவ அங்கனதான் குடுத்திருக்கு. அப்ப நீங்க எனக்கு மச்சான் மொறை. இத மொதல்லயே சொல்லாம சாரு மோருன்னு கூப்பிட வச்சிட்டீகளே!"

அதிலிருந்து நாங்கள் மச்சான்கள்தான்.

அந்த நிலத்தில் ஒரு விசேஷம். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் கலிங்கு ஓடையில் கறுத்த பாறைகள் ஒரே கோட்டில் தலை நீட்டிக்கொண்டிருக்கும். கரிசலுக்கு அடியில், வடகிழக்காகச் சாய்ந்து ஓடும் கருங்கல் சுவர் அது. பழைய காலத்தில் உருகிய பாறை வெடிப்பு வழியே ஏறி உறைந்தது. கனம் ஓர் அறையின் அகலம்கூட இராது. நீளம் கண்ணுக்கெட்டாத தூரம். சுவருக்கு மேற்கே காதர் மைதீன் கிணறு, நல்ல தண்ணீர். போர்கள் வரவிருந்ததும் அந்தப் பக்கம்தான். கிழக்கே கூப்பிடு தூரத்தில் பாழடைந்த ஒரு கிணறு, உப்பு. காதர் மைதீன் இரண்டிலும் சொம்பில் மொண்டு கொண்டுவந்தார்.

"இதக் குடிங்க."

குடித்தேன். இளநீர் போல இருந்தது.

"இப்ப இத."

துப்பிவிட்டேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இதுல கஞ்சி காச்சுனா உப்புச் செலவு மிச்சம் மச்சான். எம் பொண்டாட்டி கோவத்துல இருந்தா இதத்தான் எனக்குக் குடுப்பா."

இரண்டு தண்ணீரும் கலக்கவில்லை என்றால் சுவர் கெட்டியாக நிற்கிறது என்று பொருள். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை அளவீடும் அதையே சொன்னது. சுவரை வரைபடத்தில் சிவப்பு மையால் கோடாக வரைந்தேன். மேடத்துக்காகக் கலிங்கு ஓடையிலிருந்து ஒரு கல்லும் எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது காதர் மைதீன் கூடவே நடந்து வந்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது. "பம்ப் ரூமுக்கு என் நெலத்துல ஒரு மூலையக் கேக்குறாக. குடிக்கிற தண்ணி, மாட்டேன்னு சொல்ல வாய் வரல. ஆனா மச்சான், இந்தக் கிணத்த நம்பித்தான் நான் பாஸ்போட்டப் பெட்டிக்கு அடியில போட்டுட்டு உக்காந்திருக்கேன். கிணத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க சொன்னா குடுத்துடுறேன். நீங்க ஆகும்னு சொன்னா, யாரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

கணக்குப் போட்டுச் சொல்கிறேன் என்றேன்.

சென்னைக்கு வந்து கட்டத்தை முறைப்படிதான் போட்டேன். முழுக் கட்டத்தையும் வடகிழக்குக்குத் திருப்பி, சுவர் விளிம்பில் விழும்படி வைத்து, விளிம்பைப் பூட்டினேன். போர்கள் இல்லாத நிலையில் ஓட்டினேன், ஓடியது. திட்டத்தின் போர்களை இறக்கி ஓட்டினேன். சிறிது தூரம் ஓடிவிட்டு நின்றது. சுவருக்கு மேற்கேயுள்ள கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. காய்ந்த கட்டத்தைக் கணக்கு மீண்டும் நனைத்தது, மறுபடி காய்ந்தது. அப்படியே முன்னும் பின்னும் ஆடி, விடை வரவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது.

எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடப்பது. கட்டம் சரியில்லாவிட்டால் கணக்கு இப்படி ஆடும். கட்டத்தைத் திருத்தினால் ஓடும். நானும் கட்டத்தைத்தான் குறை சொன்னேன். கணக்கு ஒவ்வொரு முறையும் தாண்டும் கால அளவைக் குறைத்துப் பார்த்தேன். கட்டத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் சுவருக்கு மேற்கே காய்ந்தது. அப்படிக் காய்வதுதான் விடை என்று எனக்குத் தோன்றாமலில்லை. சுவருக்குப் பின்னால் இருப்பது ஒரு தொட்டித் தண்ணீர். அதில் அத்தனை போர்களைப் போட்டு உறிஞ்சினால் வற்றத்தான் செய்யும். கணக்கு நின்றதே அதைச் சொல்வதற்குத்தான். ஆனால் அந்த விடையோடு போனால் திட்டம் கைவிடப்படும். என் தங்கை குடத்தோடு ரோட்டோரம் நிற்பாள், என்னைப் பார்த்து மறுபடி அதே வார்த்தையைச் சொல்வாள். எனக்கு ஆமாம் என்ற விடை வேண்டியிருந்தது. விடை வேண்டியிருப்பவன் கட்டம் போடக்கூடாது.

திட்டக்காரர்களிடம் முடிவைச் சொல்ல வேண்டிய கூட்டத்துக்கு நாள் நெருங்கியது. மேடம் மகளின் பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். நான் கட்டத்தைத் திருப்பி வடக்குப் பார்க்க வைத்தேன், சிறிதாக்கியிருந்ததை மறுபடி பெரிதாக்கினேன். மற்ற விவரங்கள் எல்லாம் வடக்குப் பார்த்தே இருக்கின்றன, வேலை சுலபம் என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இப்போது சுவர் கட்டங்களுக்குக் குறுக்கே மூலைவாட்டில் ஓடியது. காதர் மைதீனின் தோட்டம், கிணறு, கண்மாயின் ஒரு மூலை, சுவர், சுவருக்கு அப்பால் அந்த உப்புக் கிணறு எல்லாம் என் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டன. அத்தனைக்கும் சேர்த்துச் சராசரி எடுத்தேன். ஓட்டினேன். எங்கும் நிற்காமல் கடைசி வரை ஓடியது.

முடிவு அழகாக இருந்தது. போர்கள் இறைக்க இறைக்கக் கிழக்கிலிருந்து தண்ணீர் தாராளமாக வந்து நிரப்பியது. காதர் மைதீன் கிணற்றில் இறக்கம் சொற்பம். பழைய நீர்மட்ட அளவுகளோடு ஒத்துப் பார்த்தேன், ஒத்துப்போயின. அதிலும் பொருள் இல்லை என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் புரியும். யாரும் பெரிதாக இறைக்காத காலத்தில் தண்ணீர் சுவரை ஒட்டியே மெதுவாக நகரும், சுவரைக் கடக்கத் தேவை இல்லை. அப்போது சுவர் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒருபக்கமாக இறைக்கும்போதுதான் சுவர் தன்னைக் காட்டும். கண்மாய் நிறைந்திருந்த பருவத்தில், சிறிது நேரம் மட்டும் இறைத்துப் பார்த்த சோதனையிலும் அது காட்டியிருக்க வழியில்லை.

கூட்டத்துக்கு முன்தினம் மேடம் வந்தார். பயணக் களைப்போடு நேராக மேசைக்கு வந்து விளக்கைப் போட்டார். தாளை விரித்தார். நான் கொண்டுவந்த கறுப்புக் கல்லை ஒரு மூலையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்த கட்டம், சொல்லி வைத்தாற்போல், அதேதான். சிவப்புக் கோடு அதன் நடுவே போவது வில்லைக்குள் தடித்துத் தெரிந்தது.

"யாரெல்லாம் இருக்கா, மக்கா?"

"சுவர் இருக்கு மேடம். ஆனா விரிசல் விட்ட சுவர். கசியும். அதான் உள்ளயே வச்சிட்டேன்."

"விரிசலப் பாத்தியா?"

"கலிங்கு ஓடையில பாத்தேன்." ஓர் இடத்தில் மேற்பரப்பில் வெடிப்பு இருந்தது உண்மை. வெயிலில் எந்தக் கல்லும் வெடிக்கும்.

அவர் கண்ணாடியை எடுக்கவில்லை. "ரெண்டு பக்கத்துத் தண்ணியும் குடிச்சியா?"

"குடிச்சேன்."

"எப்படி?"

"பெருசா வித்தியாசம் இல்ல மேடம்."

தண்ணீர்ச் சோதனை வேறொரு அலுவலகத்தின் பொறுப்பு. அதன் முடிவுகள் எங்கள் மேசைக்கு வராது. என் நாக்கு சொன்னதுதான் அவருக்குச் சாட்சி. சற்று நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்திருந்தார். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "உங்க ஊரு. உனக்குத் தெரியாததா" என்று விளக்கை அணைத்தார். சகாயமேரி மேடம் பின்னாளில் இறந்துவிட்டார். கடைசி வரை அவரிடம் இதைச் சொல்லவில்லை.

காதர் மைதீனிடம் நேரில் போய்ச் சொன்னேன். "ஒண்ணும் ஆகாது மச்சான். கணக்குப் போட்டாச்சு."

"அப்பச் சரி" என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. பம்ப் அறைக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தார். குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று என் தங்கை எனக்குப் போன் போட்டு அழுதாள். அந்த ஊர்களில் என்னைப் பற்றி நல்லபடியாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. சில மாதங்கள், நான் செய்ததே சரி என்றுகூட நம்பினேன்.

அடுத்த கோடையில் கிணற்றில் படிகள் கூடுதலாகத் தெரிந்தன. அதற்கடுத்த கோடையில் மோட்டார் காற்றை உறிஞ்சியது. போர்கள் கொஞ்ச நாள் கலங்கலாக இறைத்துவிட்டு, ஒவ்வொன்றாக நின்றன. ஊர்களுக்குத் திரும்பவும் லாரி வந்தது. என்ன ஆயிற்று என்று பார்த்து வரச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள்.

மல்லிச் செடிகள் குச்சியாக நின்றன. காதர் மைதீன் கிணற்று விளிம்பில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகன் இர்ஃபான். அருப்புக்கோட்டையில் பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் தகப்பனோடு தோட்டத்தில் நிற்பவன். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். பாறையும் ஈர மண்ணும்.

"என்ன மச்சான் இது?" என்றார் காதர் மைதீன். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

அந்த இரண்டு ஆண்டும் மழை கொஞ்சம் குறைவுதான். ஆனால் அதைவிடக் குறைந்த ஆண்டுகளிலும் அந்தக் கிணறு நின்றிருக்கிறது. எனக்கு அது தெரியும்.

"மழை இல்ல மச்சான். கண்மாய் பெருகல. எல்லா எடத்துலயும் இதே கததான்" என்றேன்.

இர்ஃபான் கேட்டான்: "போரு போட்டதுனால இல்லயா?"

"இல்ல தம்பி. போரும்தான வத்திருக்கு. மழைதான்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். காதர் மைதீன் அவன் தோளில் தட்டி, "சாரே சொல்றாருல்ல. வானத்தப் பாத்துச் சண்ட போட முடியுமா?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "டீ குடிச்சுட்டுப் போங்க" என்றார். டீயும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

அலுவலகத்திலும் மழை என்றே சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. மழை என்பது எல்லாருக்கும் வசதியான பதில். காதர் மைதீன் மறுபடி சவுதிக்குப் போய்விட்டார், மகனையும் கூட்டிக்கொண்டு போனார் என்று தங்கை சொல்லித் தெரிந்தது. அதன் பிறகு பல வேலைகள் செய்தேன். நல்ல பெயரும் வாங்கினேன். அந்த வேலைகளைப் பற்றி எழுதச் சொன்னால் அனிதாவுக்குப் பிடித்தமான கட்டுரை ஒன்று வரும்.

ஓய்வு பெற்றபின் பாலவனத்தத்துக்கே வந்துவிட்டேன். இப்போது வீட்டுக் கணினியே அன்றைய அலுவலகக் கணினியைவிடப் பெரிது. ஒருநாள் பழைய விவரங்களை எடுத்து, கட்டத்தைச் சாய்வாகத் திருப்பி, சுவரை விளிம்பில் பூட்டி ஓட்டினேன். காய்ந்த கட்டங்களைச் சமாளிக்கும் முறைகள் இப்போது தேறியிருக்கின்றன, அதனால் நிற்கவில்லை. கோடைக்குக் கோடை கிணறு எப்படி இறங்கியதோ அப்படியே காட்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். போர்களை மூடிவிட்டு மேலும் ஓட்டினேன். சில மழைக்காலங்களில் சுவருக்கு மேற்கே தண்ணீர் பழைய மட்டத்துக்கு ஏறி நின்றது. தொட்டியை வற்ற வைத்தது நாங்கள்தான். உறிஞ்சுவதை நிறுத்தினால் அது தானே நிரம்பும். போர்கள் நின்று பல காலம் ஆகியிருந்தது.

அன்று கிணற்றடியில் மழை என்று சொல்லாமல் உண்மையைச் சொல்லியிருந்தால், வற்றிய போர்களை மறுபடி ஓட்டிப் பார்க்காமல் அப்போதே மூடியிருப்பார்கள். சில மழைக்காலங்கள் பொறுத்திருந்தால் காதர் மைதீன் போயிருக்க வேண்டியதில்லை. பொய்யான கட்டத்தைவிட அந்தக் கிணற்றடிப் பொய் பெரிது என்பது வீட்டுக் கணினியில் இதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

காதர் மைதீன் ஊர் திரும்பிவிட்டார், அருப்புக்கோட்டையில் தம்பி மகனின் பிளாஸ்டிக் சாமான் கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று விசாரித்து அறிந்து போனேன். தாடி முழுக்க வெள்ளை. வாளிகளுக்கும் குடங்களுக்கும் நடுவே ஸ்டூலில் இருந்தார். உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"மச்சான்! என்ன இப்படி உருகிப் போனீக? சுகரா? எனக்கும்தான். வாங்க, அந்த டப்பாவக் கவுத்துப் போட்டு உக்காருங்க."

உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் தொடங்கினேன். சுவர், கட்டம், சராசரி. கட்டத்தை ஓர் அட்டையில் வரைந்து காட்டினேன். நடுவில் ஒரு பெண் வந்து ஒரு வாளியை எடுத்து மூடியைத் திருகிப் பார்த்தாள்.

"ஏண்ணே, இந்த மூடி மட்டும் தனியா குடுப்பீகளா?"

"மூடி மட்டும் வாங்கி என்னத்தம்மா மூடப் போற?"

"வீட்ல வாளி இருக்குண்ணே. மூடியத்தான் எம் மகன் ஒடச்சுட்டான்."

"அப்ப மகனக் கூட்டிட்டு வா, அவந் தலையில அளவெடுத்து ஒரு மூடி தாரேன்."

அவள் சிரித்துக்கொண்டே வாளியும் மூடியுமாக வாங்கிப் போனாள். அவர் என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க மச்சான். வேணும்னே செஞ்சீகளா?"

"ஆமா. எனக்குத் தெரியும். மழையால இல்ல. போருனாலதான். அன்னிக்கு உங்ககிட்டச் சொன்னதும் பொய்தான்."

அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நான் வரைந்த சுவரின்மேல் விரலை ஓட்டினார். பிறகு கேட்ட கேள்வியை நான் எதிர்பார்த்தேதான் வந்திருந்தேன். ஆனாலும் அது வராமலிருக்க வேண்டும் என்று உள்ளுக்குள் விரும்பினேன்.

"அப்ப, போர நிறுத்துன பெறகு தண்ணி திரும்ப ஏறியிருக்குமா?"

"ஏறியிருக்கும். ஏறித்தான் இருக்கும், மச்சான்."

"கிணத்தத் தூத்துட்டனே" என்றார்.

குரல் உயரவில்லை. "லீவுல வந்தப்ப. வத்துன கிணறு, யாரு வீட்டு ஆடோ விழுந்து செத்துச்சு. புள்ளைக வெளாடுற எடம், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ன பதில் சொல்றதுன்னு மண்ணடிச்சு மூடிட்டேன். அடியில கொஞ்சம் தண்ணி கெடந்துச்சு. மழைத் தண்ணி தேங்கி நிக்கிதுன்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"இர்ஃபான் சொன்னான், மச்சான். 'அத்தா, ஒரு ரெண்டு மழை பாப்போம், எனக்கு என்னமோ போரு மேலதான் சந்தேகமா இருக்கு'ன்னான். நாந்தான் அவனத் திட்டுனேன். படிச்சவரு, நம்ம பக்கத்து ஆளு, மொறையில மச்சான், அவரு சொன்னதுக்கு மேல நீ கண்டியான்னு கேட்டேன். இந்த மண்ணு செத்துப் போச்சு, பெட்டியக் கட்டுன்னு இழுத்துட்டுப் போனேன். நான் வந்துட்டேன். அவன் இன்னும் அங்கதான் கெடக்கான். ஊருக்கு வாடான்னா, வந்து என்ன செய்யங்கிறான்."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கண்ணருகே பிடித்து, பெயரைத் தேடி அழுத்தினார்.

"எங்கிட்டச் சொன்னது சரி. நான் கெழவன், எனக்கு இனிமே என்ன. அவங்கிட்ட நான் பேசுன பேச்சுக்கு நான் என்ன சொல்லி நிப்பேன்? நீங்களே சொல்லுங்க."

போனை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, கடை வாசலில் போய்ச் சாலையைப் பார்த்து நின்றுகொண்டார்.

மறுமுனையில் வண்டிகள் ஓடும் இரைச்சல். "அத்தா? சாப்பிட்டீகளா? மாத்தர போட்டீகளா?" என்று கேட்டான் இர்ஃபான்.

அத்தா இல்லை என்று சொல்லி, என் பெயரைச் சொன்னேன். பாலவனத்தம் என்றேன். கிணற்றைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

இரைச்சல் குறைந்தது, எங்கோ ஓரமாக ஒதுங்கியிருப்பான்.

"மழை இல்லன்னு சொன்ன சாரா?" என்றான்.

ஆமாம் என்றேன்.